சாக்கடையில் பிறந்த சஞ்சீவி



இந்தச் சபையில் வீற்றிருப்பவர்களுள், கடந்த சில ஆண்டுகளுக்குள் தம் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலே 'செஃப்' என்று தொடங்கும் ஒரு மருந்தின் பெயரைக் காணாதவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள் என்று எண்ணுகிறேன். பெரியவர்களுக்கு மாத்திரையாகவும், குழந்தைகளுக்குப் பழவாசனை கூட்டிய இனிப்பு மருந்தாகவும், ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு ஊசியாகவும் வந்து, செபலோஸ்போரின் என்னும் அந்தக் குடும்பம் நம் இல்லங்களுக்குள் உறவினர்போல் நுழைந்துவிட்டது. அடிக்கடி வந்து போகிறவரின் ஊரும் குலமும் விசாரித்து வைப்பது நம்மவர் வழக்கமாகையால், இன்று மாலை அதன் பூர்வோத்தரத்தை உங்கள்முன் எடுத்துச் சொல்லி, அதற்கு இப்போது நேர்ந்திருக்கும் சங்கடத்தையும் விளக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

கதை இத்தாலிக்கு மேற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் சார்தினியாத் தீவில் தொடங்குகிறது. தீவின் தலைநகரமாகிய காலியாரி 1943ஆம் ஆண்டு விமானக் குண்டுகளால் பெரிதும் சிதைந்த நகரம். யுத்தம் ஓய்ந்த 1945இல், இடிபாடுகளுக்கு நடுவே வறுமையும் டைபாய்டு காய்ச்சலும் அங்கே குடியேறியிருந்தன. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சுகாதார சாஸ்திரப் பேராசிரியராக இருந்தவர் ஜுசெப்பே புரோட்சு. நகரத்தின் கழிவுநீரெல்லாம் சூ சிக்கு என்னுமிடத்தில் கடலோடு கலந்தது. அந்தக் கழிவுநீர் கலந்த கடலிலேயே ஊர் இளைஞர்கள் கோடையில் குதித்து நீந்திக் களித்தார்கள். டைபாய்டுக் கிருமி மலத்தின் வழியே நீரில் கலந்து, நீரின் வழியே வாய்க்குள் புகுவது என்பது பாலபாடம்; ஆகவே அவர்களெல்லாம் அடுக்கடுக்காகப் படுக்கையில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. சாமானியர் ஒருவர் இதைக் கண்டிருந்தால் தெய்வச் செயல் என்றோ, வாலிப வயதின் வலிமை என்றோ சொல்லி அப்பால் சென்றிருப்பார். புரோட்சுவோ, அந்தச் சாக்கடை நீரிலேயே டைபாய்டுக் கிருமிக்குப் பகையான வேறோர் உயிர் வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஊகித்து, அந்த முகத்துவாரத்து நீரை மொண்டு வந்து தம் கூடத்தில் வளர்த்துப் பார்த்தார். அவர் தேடியது ஒரு பூஞ்சைக் காளானின் உருவத்தில் கிடைத்தது. செபலோஸ்போரியம் அக்ரிமோனியம் என்பது அதன் அன்றைய பெயர்.

அந்தப் பூஞ்சை வளர்ந்த நீரை வடித்தெடுத்துப் பரீட்சித்தபோது, அது டைபாய்டுக் கிருமியையும், புண்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமியையும் வளரவொட்டாமல் தடுத்ததைப் புரோட்சு கண்டார். நோயாளிகளுக்கும் அதைச் செலுத்தி ஓரளவு நற்பயன் கண்டார். ஆனால் கச்சாவான அந்தச் சாற்றிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கும் வசதி அவரிடம் இல்லை. 1948ஆம் ஆண்டு, தம் நிலையத்தின் வெளியீடாகவே ஒரு கட்டுரையை அச்சிட்டுத் திருப்தியடைய வேண்டியதாயிற்று. தீவில் அலுவல் பார்த்திருந்த ஓர் ஆங்கிலேயச் சுகாதார அதிகாரியின் மூலமாக, அதே ஆண்டில் அந்தப் பூஞ்சை ஆக்ஸ்போர்டில் பெனிசிலினை மருந்தாக்கிய ஹோவர்ட் புளோரியின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சென்றடைந்தது. புரோட்சு பிற்காலத்தில் சார்தினியப் பிராந்திய அரசின் தலைவராகவும் காலியாரி நகரின் மேயராகவும் விளங்கினார். நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆக்ஸ்போர்டில் இந்தப் பூஞ்சையை ஏற்றுக்கொண்டவர்களுள் எட்வர்ட் ஆபிரகாம் என்னும் இரசாயன அறிஞரை நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் தம் சகாவான எர்ன்ஸ்ட் செயினோடு சேர்ந்து ஒரு செய்தியை வெளியிட்டிருந்தார். சில கிருமிகள் பெனிசிலினை அழிக்கும் ஒரு நொதியைத் தாமே சுரக்கின்றன என்பதே அது. பெனிசிலினேஸ் என்று பெயர் பெற்ற அந்த நொதியைப் பற்றிய கட்டுரை அச்சேறியது 1940 டிசம்பரில். ஆக்ஸ்போர்டு ஆஸ்பத்திரியில் நோய்முற்றிக் கிடந்த போலீஸ்காரர் ஒருவருக்குப் பெனிசிலின் ஊசி போட்டுப் பார்த்ததோ 1941 பிப்ரவரியில். மருந்து நோயாளியின் உடலைத் தொடுவதற்கு முன்னமேயே அதற்கு மாற்று கிருமியிடம் இருந்தது என்பதை, அன்பர்களே, நீங்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இச்சொற்பொழிவின் பிற்பகுதி முழுவதும் இந்த ஒரு செய்தியின் விரிவுரைதான்.

ஆபிரகாமும் அவருடைய துணைவர் கை நியூட்டனும் சார்தினியப் பூஞ்சையின் சாற்றை ஆண்டுக்கணக்கில் பகுத்தார்கள். அதில் ஒன்றல்ல, பல மருந்துகள் இருந்தன. புரோட்சு கண்ட டைபாய்டு எதிர்ப்புக்குக் காரணமாயிருந்த பொருள் உண்மையில் பெனிசிலின் வகையைச் சேர்ந்ததே என்று தெரியவந்தது. அதைச் சுத்திகரிக்கும்போது, 1953இல், கலப்படம்போல் கூட வந்த மற்றொரு பொருளுக்குச் செபலோஸ்போரின்-சி என்று பெயரிட்டார்கள். அதன் வீரியம் மிகச் சொற்பம். ஆயினும் பெனிசிலினேஸ் என்னும் நொதி அதை எளிதில் அழிக்க மாட்டாதது கண்டு ஆபிரகாமின் உள்ளம் துள்ளியிருக்க வேண்டும். தாம் கண்டுபிடித்த பகைவனுக்கு வளைந்து கொடுக்காத பொருளொன்றைத் தாமே கண்டுபிடிக்கும் பேறு விஞ்ஞானிகளுள் எத்தனை பேருக்கு வாய்க்கும்! அப்பொருளின் அணுக்கட்டமைப்பை டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்களால் 1961இல் உறுதிப்படுத்தினார். அமெரிக்காவின் லில்லி கம்பெனியார் அதன் நடுக்கருவை மாத்திரம் வெட்டியெடுத்துப் புதிய கிளைகளை ஒட்டும் உபாயத்தைக் கண்டார்கள். 1964ஆம் ஆண்டில் செபலோதின் என்னும் முதல் மருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. காப்புரிமையால் குவிந்த பெரும்பொருளை ஆபிரகாம் ஆராய்ச்சிக்கும் கல்விக்குமாக அறக்கட்டளைகளில் வைத்துச் சென்றார்.

இனி, இம்மருந்து கிருமியை எவ்வாறு கொல்லுகிறது என்று பார்ப்போம். கிருமியின் உடலுக்குள்ளே உப்பும் சத்தும் செறிந்திருப்பதால், வெளியிலுள்ள நீர் ஓயாமல் உள்ளே புக முயல்கிறது. அந்த அழுத்தத்தில் உடல் வெடித்துவிடாமல் காப்பது அதைச் சூழ்ந்த சுவர். சுவர் என்றவுடன் செங்கல்லை நினைக்க வேண்டாம்; மீனவரின் வலையை நினையுங்கள். சர்க்கரைப் பொருளாலான நெடுநூல்கள் ஓட, அமினோ அமிலங்களாலான குறுநூல்கள் அவற்றைக் குறுக்கே முடிச்சிட்டுப் பிணைக்கின்றன. கிருமி வளர வளர வலையை ஓரிடத்தில் அறுத்து, புது நூல் சேர்த்து, மறுபடி முடிய வேண்டும். இந்த முடிச்சுகளைப் போடுவதற்கென்றே சில நொதிகள் வேலைக்காரர்போல் இருக்கின்றன. செபலோஸ்போரினின் நடுவிலே நான்கு அணுக்கள் கைகோத்த, விறைப்பான ஒரு சிறு வளையம் உண்டு. பீட்டா-லாக்டம் வளையம் என்பர். அது குறுநூலின் நுனியைப் போலவே தோன்றுவதால், முடிச்சுப் போட வந்த நொதி ஏமாந்து அதைப் பற்றுகிறது. பற்றியதும் வளையம் விரிந்து, பலாப்பிசின்போல் கையோடு ஒட்டிக்கொள்ளுகிறது. முடிவதற்கு ஆளில்லை, அறுக்கும் வேலையோ நிற்பதில்லை, வலை கிழிகிறது, கிருமி வெடிக்கிறது. நம்முடைய உயிரணுக்களுக்கு இத்தகைய வலைச்சுவர் கிடையாதாகையால், ஒவ்வாமை உடையவர்களை விடுத்தால், மற்றவர்களுக்கு இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை.

பெனிசிலினின் கருவைவிடச் செபலோஸ்போரினின் கருவில் கிளை ஒட்டுவதற்கு இடம் அதிகம். அதனால் இரசாயனிகள் ஒட்டுமாங்கன்று கட்டுவதுபோல் ஒட்டி ஒட்டி, தலைமுறை தலைமுறையாக மருந்துகளைப் பெருக்கினார்கள். செஃபலெக்சின், செஃபசோலின் முதலியவை முதல் தலைமுறை. தோல் புண்ணுக்கும், அறுவைச் சிகிச்சைக்கு முன்பான காப்புக்கும் உகந்தவை. செஃபுராக்சிம் இரண்டாவது. செஃபோடாக்சிம், செஃப்ட்ரையாக்ஸோன், செஃபிக்ஸிம் ஆகிய மூன்றாம் தலைமுறையினர் குடலில் வாழும் கிருமிகளை எதிர்ப்பதில் வல்லவர். 1982இல் விற்பனைக்கு வந்த செஃப்ட்ரையாக்ஸோன், இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதனால் நாளுக்கு ஓர் ஊசியே பல நோய்களுக்குப் போதுமென்றாயிற்று. மூளையைப் போர்த்த சவ்வுக்குள்ளும் அது புகுந்தமையால், மூளைக்காய்ச்சலில் துடித்த எத்தனையோ குழந்தைகள் பிழைத்தெழுந்தன. நான்காவதாகச் செஃபிபிமும், ஐந்தாவதாகச் செஃப்டரோலினும் வந்தன. தலைமுறைகள் ஏன் இத்தனை என்று கேட்பீர்களானால், மறுபக்கத்திலும் தலைமுறைகள் பெருகிக்கொண்டிருந்தன என்பதே விடை.

மனிதன் ஒரு தலைமுறையை வளர்த்தெடுக்க இருபது முப்பது ஆண்டுகள் வேண்டும். குடற்கிருமிக்கு வசதியான சூழலில் இருபது நிமிஷம் போதும். கோடிக்கணக்கில் பெருகும்போது எழுத்துப்பிழைபோல் மரபணுவில் மாறுதல்கள் நேருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பிரயோஜனமற்றவை. ஆனால் மருந்து பாய்ந்து மற்றவையெல்லாம் மாண்ட களத்தில், தற்செயலாகத் தாக்குப்பிடித்த ஒன்று, போட்டியில்லாத வயலில் களை பரவுவதுபோல் பரவுகிறது. மருந்து கிருமிக்கு வித்தை கற்பிப்பதில்லை. வித்தை தெரியாதவற்றைக் களைந்து, தெரிந்ததற்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. சில கிருமிகள் முடிச்சுப் போடும் நொதியின் உருவத்தையே மாற்றிக்கொள்ளுகின்றன. சில, மருந்து நுழையும் துவாரங்களை அடைத்துவிடுகின்றன. ஆனால் செபலோஸ்போரினுக்குப் பெருங்கேடு செய்தவை, அந்த நாலணு வளையத்தை நீரால் உடைத்தெறியும் பீட்டா-லாக்டமேஸ் நொதிகளே. ஆபிரகாம் 1940இல் கண்ட பெனிசிலினேஸின் சுற்றத்தார் இவர்கள்.

1980களில், மூன்றாம் தலைமுறை மருந்துகள் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள் நிரம்புமுன்பே, அவற்றை உடைக்கவல்ல நொதிகள் ஜெர்மனியில் காணப்பட்டன. அவற்றுள் ஒரு வகைக்கு, செஃபோடாக்சிமின் சுருக்கப் பெயரோடு மியூனிக் நகரத்தின் முதலெழுத்தையும் கூட்டி சி.டி.எக்ஸ்-எம் என்று பெயரிட்டார்கள். அதன் மூலம் எங்கே என்று தேடியபோது, மண்ணிலும் நீரிலும் சாதுவாக வாழும் குளூவேரா என்னும் கிருமியிடம் அந்த மரபணு பரம்பரையாகவே இருந்தது தெரிந்தது. அங்கிருந்து அது பெயர்ந்து, பிளாஸ்மிடு எனப்படும் சிறு வட்ட மரபிழைகளில் ஏறிக்கொண்டது. குலவித்தை தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது உலக வழக்கம். பிளாஸ்மிடில் ஏறிய வித்தையோ பக்கத்து வீட்டுக்காரனுக்கும், வேற்றுச் சாதிக்காரனுக்கும், வழிப்போக்கனுக்கும் ஒரு தொடுகையில் கைமாறுகிறது. இவ்வகையில் சி.டி.எக்ஸ்-எம்-15 என்னும் நொதி, 1999இல் புதுதில்லியில் எடுக்கப்பட்ட கிருமிகளில் முதலில் அடையாளம் காணப்பட்டு, இன்று உலகெங்கும் பரவி நிற்கிறது.

இங்கேதான் நம் கதை தொடங்கிய நோய்க்கே திரும்புகிறது. டைபாய்டுக்கு முதல் கைகண்ட மருந்தாக 1948இல் குளோராம்பெனிகால் வந்தது. 1972இல் மெக்சிகோவிலும் நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டிலும் அதற்கு அடங்காத டைபாய்டு தலைதூக்கியது. பிறகு சிப்ரோபிளாக்சசின் வந்தது. அதற்கும் கிருமி பழகிப் போயிற்று. அப்போது கைகொடுத்தவை செஃப்ட்ரையாக்ஸோனும் செஃபிக்ஸிமும். புரோட்சு சாக்கடையில் தேடத் தொடங்கியதும் டைபாய்டை முன்னிட்டே. எழுபது ஆண்டு சுற்றி வந்து அவருடைய பூஞ்சையின் சந்ததி டைபாய்டின் பிரதான மருந்தாகவே அமர்ந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத் நகரில் செஃப்ட்ரையாக்ஸோனுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? ஈ-கோலி முதலிய குடற்கிருமிகளிடையே உலவும் பிளாஸ்மிடு ஒன்று, சி.டி.எக்ஸ்-எம்-15 மரபணுவைச் சுமந்தபடி, டைபாய்டுக் கிருமிக்குள் குடியேறியிருந்தது. ஐந்து வகை மருந்துகள் ஒருங்கே பயனற்றுப் போயின. வாய்வழி கொடுக்க அசித்ரோமைசினும், ஊசியாகக் கார்பபெனெம் இனமுமே நம்பத்தக்கவையாக மிஞ்சின. இந்நோய் வீடு வீடாகப் பரவியதற்கு வழியாயிருந்தது சாக்கடை கலந்த குடிநீர். சாக்கடைநீரில் பிறந்த மருந்தின் வலிமை சாக்கடைநீர் பரப்பிய நோயின் முன்னே உடைந்துபோயிற்று.

இதை அயல்நாட்டுச் செய்தியென்று தள்ளிவிட நமக்கு நியாயமில்லை. கார்பபெனெமையும் செபலோஸ்போரினையும் சேர்த்தே உடைக்கும் என்.டி.எம்-1 என்னும் நொதியைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் பங்குகொண்ட கட்டுரை 2010இல் லண்டனிலிருந்து வெளிவந்தபோது, அதில் விவரிக்கப்பட்ட கிருமிகளுள் 44 சென்னையில் எடுக்கப்பட்டவை. நொதியின் பெயரில் தில்லி இடம்பெற்றதற்காக நாட்டில் எழுந்த கூக்குரலில், கிருமியைப் பற்றிய கவலை சற்றே அமுங்கிப் போனதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் 2012இல் மருத்துவச் சங்கங்கள் பலவும் சென்னையில் கூடிச் செய்த பிரகடனம் இந்தியாவுக்கே வழிகாட்டியாயிற்று. 2014 மார்ச்சு முதல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்து, மூன்றாம் நான்காம் தலைமுறைச் செபலோஸ்போரின்களை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைத் தனி ஏட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்றும் விதித்தது.

சட்டம் இருக்கிறது, நடப்பு என்ன? ஜலதோஷமும் பெரும்பாலான தொண்டைக் கரகரப்பும் வைரஸால் வருபவை. வைரஸுக்கு வலைச்சுவர் கிடையாது. ஆகவே செபலோஸ்போரினுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. எனினும் நாம் மருந்துக்கடையின் முன் நின்று, "பவரான மாத்திரையாக ரெண்டு நாளைக்குக் கொடுங்கள்" என்கிறோம். சிகிச்சை தேவையான நோயிலும் காய்ச்சல் இறங்கியதும் மீதி மாத்திரைகளை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் எடுத்துக் கொடுக்கிறோம். குறைந்த அளவில் மருந்தைப் பிரயோகித்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் 1945இலேயே, நோபெல் பரிசுச் சொற்பொழிவில், எச்சரித்துவிட்டார். டாக்டர்களின் பங்கையும் சொல்லாமல் விடலாகாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு மூன்று நாள் ஆகும். நோயாளியின் உறவினரோ மூன்று மணி நேரமும் பொறுப்பதில்லை. அதனால், எது இருந்தாலும் அடிபடட்டும் என்று உயர்ந்த மருந்திலேயே தொடங்குகிற பழக்கம் வேரூன்றிவிட்டது. செஃப்ட்ரையாக்ஸோனில் கணிசமான பகுதி பித்தநீரோடு குடலுக்குள் இறங்குகிறது. வேண்டாத இடத்தில் போட்ட ஒவ்வோர் ஊசியும், அங்கே வாழும் எண்ணற்ற கிருமிகளுள் எதிர்க்கவல்லதைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் நாற்றங்காலாகிறது.

வேறு எந்த மருந்துக்கும் இல்லாத ஒரு விசேஷம் கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு உண்டு. நான் இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதனால் என் அண்டைவீட்டாரின் மாத்திரை வலுவிழப்பதில்லை. நான் வீணே விழுங்கிய செபலோஸ்போரினோ, நாளை எதிர்வீட்டுப் பச்சிளங்குழந்தைக்கு வேண்டிய செபலோஸ்போரினின் வலுவைக் குறைக்கிறது. ஊர் ஏரி நீரைப்போல் இது பொதுச்சொத்து; மடையைத் திறப்பவர் தம் வயலை மட்டும் பார்த்தால் கடைமடை காயும். 2019ஆம் ஆண்டில் மாத்திரம், கிருமிகளின் எதிர்ப்பே நேர்க்காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

விஞ்ஞானம் கைகட்டி நிற்கவில்லை. கிருமிக்கு இன்றியமையாத இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு அதன் உள்ளே புகும் செஃபிடெரகோல் என்னும் மருந்து வந்திருக்கிறது. உடைக்கும் நொதியின் வாயைக் கட்டுவதற்கு என்மெட்டாசோபாக்டம் என்னும் துணைமருந்து, சென்னையில் உள்ள ஆர்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, செஃபிபிமோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. ஆனால் 1940 டிசம்பரை மறவாதீர்கள். எந்தப் புது மருந்துக்கும் மாற்று, எங்கோ ஒரு குட்டையில், ஏதோ ஒரு கிருமியிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். மருந்து நமக்குத் தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

என்ன செய்யக்கூடும் என்பதற்குப் பழைய சரித்திரத்தில் விடை இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் டைபாய்டுக்குப் பேர்போனது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன்னர், 1907இல், ஆற்று நீரை மணற்படுகைகளில் வடிகட்டி வழங்கத் தொடங்கியதும் அங்கே டைபாய்டு மரணங்கள் செங்குத்தாகச் சரிந்தன. மருந்தே இல்லாமல் நடந்த காரியம் இது. சிந்துவிலும் 2019 நவம்பரில் குழந்தைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். வராத நோய்க்கு மருந்து வேண்டியதில்லை. வழங்காத மருந்துக்குக் கிருமி பழகுவதுமில்லை. புரோட்சு வகித்தது சுகாதார சாஸ்திரப் பீடம் என்பதை முன்னரே சொன்னேன். மலமும் குடிநீரும் சந்திக்கலாகாது என்பது அந்த சாஸ்திரத்தின் முதற்பாடம். அவர் கண்டெடுத்த மருந்தை நாம் வாங்கிக்கொண்டோம். அவர் கற்பித்த பாடத்தை வாங்கிக்கொண்டோமில்லை.

ஆகையால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியமொன்றுமில்லை. சீட்டில்லாமல் இந்த மருந்துகளைக் கடையில் கேளாதீர்கள். டாக்டர் வேண்டாமென்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அவர் எத்தனை நாளைக்கு எழுதினாரோ அத்தனை நாளும் சாப்பிடுங்கள். இந்தக் கூட்டம் கலைந்து வீடு திரும்பும்போது, உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளே எங்கேனும் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டு எத்தனை நாளாயிற்று என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.